ராணி கடைசியாக வரைந்த கோடு

ராஜா துக்கத்தில் இருந்தார். நாடே துக்கத்தில் இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நாட்டுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, அது பறிபோய்க்கொண்டிருந்தது.

நாட்டைச் சுற்றி ஒரு மதில் உண்டு. யாரும் கட்டாத மதில். அரண்மனை மாடி அறையில் ஒரு நீளமான மேஜை, மேஜைமேல் தோலில் எழுதிய நாட்டின் படம், படத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் ஒரு கோடு. படத்தில் கோடு எங்கே ஓடுகிறதோ வெளியே அங்கே மதில் நிற்கும். கோடு தடித்தால் மதிலும் தடிக்கும். கோடு வெளுத்தால் மதில் கரையும். நேற்று கல்லாக இருந்த இடத்தில் இன்று காற்று அடிக்கும். மை என்றால் வெளுக்கத்தான் செய்யும் என்பதால், அரச குடும்பத்தில் ஒருவர் தினமும் காலையில் பழைய கோட்டின்மேலேயே புதிதாக இழுக்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை. இதற்கு மேல் ஒரு ராஜாவுக்கு என்ன சலுகை வேண்டும்? மற்ற நாட்டு ராஜாக்கள் கோட்டை கட்டியே ஓட்டாண்டியாகிறார்கள்.

அந்த முக்கால் மணி நேர வேலையைத்தான் ராஜா இருபத்தாறு நாளாக நிறுத்தி வைத்திருந்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ராணி அந்த மேஜையருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாள், கையில் தூரிகையோடு. கோடு முழுதாக முடிந்து ஈரமாக இருந்தது. ராஜா ஓடி வந்து பார்த்தார், கையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "இது அவ கடைசியா வரைஞ்சது. இதுமேல இன்னொரு கை படக்கூடாது. என் கையும் படக்கூடாது" என்றார். மந்திரி அதை அழகான கையெழுத்தில் எழுதி முத்திரை குத்தி நாலு வாசலிலும் மாடிக் கதவிலும் ஒட்டினார். கோடு வெளுத்தால் என்ன ஆகும் என்று மந்திரிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று நாகரிகம் பார்த்தார். தளபதியும் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து நாகரிகம் பார்த்ததில் மேற்கே நாற்பது இடத்தில் மதில் போய்விட்டது.

பக்கத்து ராஜா நல்ல மனிதர், சாவுச் செய்தி கேட்டதும் புறப்பட்டு வந்துவிட்டார். துக்கம் விசாரிக்க நாலாயிரம் பேரோடு வந்திருந்தார்.

இந்தப் பக்கம் படை என்று இருந்தது முப்பத்தாறு பேர். மதில் இருக்கிற நாட்டுக்குப் படை எதற்கு என்று தலைமுறை தலைமுறையாகக் குறைத்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியவர்கள். அதில் பதினாலு பேர் கொம்பு ஊதுகிறவர்கள், திருவிழா ஊர்வலத்துக்கென்று வைத்திருந்தது. அவர்கள் கையில் ஈட்டியைக் கொடுத்திருந்தார்கள். ஊதுகிற பழக்கத்தில் சிலர் அதைத் தூக்கி வாய்க்கு நேராகப் பிடித்தார்கள்.

ராஜாவைக் குறை சொல்ல முடியாது. கோழை என்று யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. தினமும் விடிந்ததும் குதிரையேறிப் போனார். இருப்பதிலேயே பெரிய ஓட்டையில் தானே நின்று, ஆள் மாற்றாமல் வாளைச் சுழற்றினார். உடம்பில் ஏழு இடத்தில் கட்டு. உச்சி வேளையில் இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவார்கள். ராஜா மட்டும் சாப்பிடாமல் மாடிக்கு வந்து, கோட்டில் தூசி விழாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தார். முக்கால் மணி நேரம்தான் கொடுக்க முடியவில்லை.

இதையெல்லாம் கீழ் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மைக்காரி. பத்தொன்பது வருடமாக ராணிக்கு மை அரைத்தவள். விளக்குக்கரியையும் பிசின் தண்ணீரையும் கல்லில் விட்டு, கை கழன்று விழுகிற வரை இழைப்பாள். அவள் விரலிடுக்கில் இருக்கும் கறுப்பு குளித்தாலும் போகாது. அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அது தெரிந்த இன்னொருத்தி இறந்துபோய்விட்டாள்.

ராஜா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாரே, அந்தக் கோட்டை ராணி வரையவில்லை. மைக்காரி வரைந்தது.

கடைசி இரண்டு மாதம் ராணிக்குக் கை நிற்கவில்லை. தூரிகையைப் பிடித்தால் நடுங்கியது, மதில் நெளிந்தது. முதல் வாரம் மைக்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து இழுத்தாள். பிறகு அதற்கும் தெம்பில்லாமல், காற்று நன்றாக வருகிறது என்று சாக்குச் சொல்லிக் கட்டிலை மாடி அறையிலேயே போடச்சொல்லிவிட்டு, படுத்தபடி வாயால் வரைந்தாள்; அவள் சொல்லச் சொல்ல மைக்காரி இழுத்தாள். இந்த நேரத்தில் ராஜா எங்கே என்று கேட்டால், குதிரையில் மதிலைச் சுற்றிக்கொண்டிருப்பார். மதில் இருக்கிறதா என்று தினமும் நேரில் போய்ப் பார்ப்பது அவர் வேலை. அவர் திரும்பி வருவதற்குள் ராணி முகம் கழுவி, கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். "மதில் நல்லா இருக்கு" என்பார். "அப்படியா, சந்தோஷம்" என்பாள் ராணி. இருபத்தோரு வருடக் குடித்தனம்.

அரச குடும்பத்தைச் சேராதவர் கோட்டைத் தொட்டால் கையை வெட்ட வேண்டும் என்பது சட்டம். மைக்காரிக்கு அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் வாயை அடைத்தது அது இல்லை. அந்த மனுஷன் விசிறியோடு உட்கார்ந்திருந்த கோலத்தை அவள் ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இருபத்தாறாவது நாள் உச்சி வேளைக்கு அவள் வீட்டுக்காரர் கீழ் அறைக்குச் சாப்பிட வந்தார். பதினாலு கொம்பூதிகளில் ஒருவர். காதோரம் ஒரு கீறல், ரத்தம் காய்ந்திருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்னங்க காதுல?"

"ஒண்ணுமில்ல. ஒருத்தன் துக்கம் விசாரிச்சான்."

"சாப்பிடுங்க."

"மேற்குப் பக்கம் மதில்ல கையை வச்சா அந்தப் பக்கம் தெரியுது. சாயங்காலத்துக்குள்ள மொத்தமும் போயிடும்னு தளபதி சொல்றார். நாப்பது ஓட்டைக்கே தாங்கல. மொத்தமும் போனா நாங்க முப்பத்தாறு பேரு போய் எங்க நிக்கிறது?"

"ராஜா நிக்கிறாருல்ல?"

"நிக்கிறார். வலது கையில அடிபட்டும் இடது கையாலயே நல்லாத்தான் வெட்டுறார், பொய் சொல்லக் கூடாது. ஆனா ராஜா ஒருத்தர்தான்." இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னை எங்க நிறுத்தியிருக்காங்க தெரியுமா? அவருக்குப் பக்கத்துல. அவரு விழுந்தா நான் ஊதணுமாம். ஊதிட்டு என்ன பண்ணணும்னு யாருமே சொல்லல."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் அவர் அதைச் சொன்னார். மைக்காரி சிரிக்கவில்லை. இந்த ஆள் இல்லாத வீட்டை அவள் ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். நினைத்த மாத்திரத்தில் எழுந்து கிண்ணத்தை எடுத்தாள்.

"எங்க போற?"

"மாடிக்கு."

"மாடில உனக்கென்ன வேலை?"

"இருக்கு. நீங்க சாப்பிட்டு முடிங்க" என்று சொல்லிவிட்டு, காலையில் என்னவோ தோன்றி அரைத்து வைத்திருந்த மையை மூடி எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மாடிக் கதவுக்கு வெளியே மந்திரியும் தளபதியும் நின்றிருந்தார்கள். எப்போதும்போல உள்ளே போகாமல் நின்றிருந்தார்கள்.

"இந்தாம்மா, எங்க போற? ராஜா துக்கத்துல இருக்கார்" என்றார் மந்திரி.

"மை கொண்டாந்திருக்கேங்க."

"கோட்டுல கை படக்கூடாதுன்னு உத்தரவு."

"தெரியும்ங்க. மை உள்ள போகக்கூடாதுன்னு உத்தரவுல இருக்குங்களா?"

மந்திரி கதவில் ஒட்டியிருந்த தன் எழுத்தையே ஒருமுறை முழுதாகப் படித்தார். அப்படி ஒன்றும் இல்லை. விடுபட்டுவிட்டதே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. தளபதி மாத்திரம் தொண்டையைக் கனைத்துவிட்டு, "போகட்டும் விடுங்க. சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்ல" என்றார்.

உள்ளே ராஜா இடது கையால் விசிறிக்கொண்டிருந்தார். வலது கை தோளிலிருந்து துணித் தொட்டிலில் தொங்கியது. முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அவள் யாரென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மைக்காரியா? வா. இதைப் பார்க்கத்தான வந்த? பார்த்துக்கோ. இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கும்."

மேற்குப் பக்கம் கோடு இருந்த இடம் மழையில் நனைந்த கறைபோல் இருந்தது. கிழக்கே மட்டும் இன்னும் உயிர் இருந்தது. ராஜா அதைத் தொடாமல், ஒரு விரல்கடை உயரத்தில் கையை ஓட்டினார்.

"இங்க பாரு, இந்த வளைவு. எவ்வளவு நிதானம். இது அவ மனசு. இந்த இடத்துல கொஞ்சம் தடிச்சிருக்கு பாரு, இங்க நின்னு யோசிச்சிருக்கா. என்னைத்தான் நினைச்சிருப்பா. நான் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கமாத்தான் குதிரையில போவேன், அவளுக்குத் தெரியும்."

அந்த இடம் மைக்காரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கே அவளுக்கு மூக்கு அரித்தது. இரண்டு கையிலும் மை, சொறிய வழியில்லை, தூரிகையை அப்படியே வைத்துக்கொண்டு தோளில் மூக்கைத் தேய்த்தாள். இருபத்தாறு நாளாக ஒரு ராஜா அதைப் பார்த்து உருகிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"ராஜா, ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க என்னை என்ன வேணா பண்ணுங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு அப்புறமா பண்ணுங்க."

"சொல்லு."

"இது ராணியம்மா வரைஞ்சது இல்லீங்க. நான் வரைஞ்சது."

ராஜா விசிறியை நிறுத்தவில்லை. "உனக்கும் மனசு சரியில்ல, பாவம்" என்றார்.

மைக்காரி வாதாடவில்லை. பக்கத்துச் சின்ன மேஜையில் பக்கத்து ராஜாவின் அனுதாபக் கடிதம் கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டாள். தூரிகையை மையில் தோய்த்து, கிழக்கு எல்லையின் அந்த வளைவை ஒரே இழுப்பில் வரைந்தாள். வளைவு முடிகிற இடத்தில் அவளையும் அறியாமல் கை சின்னதாக ஒரு கொக்கி போட்டது. எப்போதும் போடும். பத்தொன்பது வருடம் கல்லில் மையை வழித்து வழித்து வந்த பழக்கம். வழித்துவிட்டுக் கையை ஒரு சுண்டு சுண்டுவாள்.

ராஜா கடிதத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்திலும் கொக்கி இருந்தது. விசிறி நின்றது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமாங்க. அம்மாவுக்குக் கை நிக்கல. கட்டிலை இங்க போடச் சொன்னது காத்துக்காக இல்லீங்க."

"அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

"ஆமாங்க."

"ரெண்டு மாசம்."

"ஆமாங்க."

"எனக்குச் சொல்லல. உனக்குச் சொன்னா, எனக்குச் சொல்லல." ராஜாவின் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் மைக்காரிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஏன்?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க எல்லாத்தையும் விட்டுட்டு அவங்க கட்டில்கிட்ட வந்து உட்கார்ந்துருவீங்கன்னு சொன்னாங்க."

"உட்கார்ந்திருப்பேன்."

"அதாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். போரில் ஏழு இடத்தில் வாங்கியதை நின்றபடியே வாங்கியவர், இதற்குச் சாய வேண்டியிருந்தது. பிறகு திடீரென்று ஒரு பிடி கிடைத்ததுபோல் நிமிர்ந்தார். "அவ கையில தூரிகை இருந்துச்சே. நான் என் கண்ணால பார்த்தேன்."

இந்த ஒன்றைத்தான் மைக்காரி சொல்லாமல் தப்பித்துவிட நினைத்திருந்தாள். "நான்தாங்க வச்சேன். கோட்டை முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தேன், நாற்காலியில உட்கார்ந்தபடியே அம்மா போயிட்டாங்க. படியில உங்க காலடிச் சத்தம். கோடு ஈரமா இருக்கு, தூரிகை என் கையில இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியாம அவங்க கையில சொருகிட்டேன். நீங்க இதைப் பிடிச்சுக்கிட்டு இப்படி உட்காருவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அதை ஜன்னல் வழியா வீசியிருப்பேன்."

இவ்வளவுதான் விஷயம். ஒரு தூரிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருத்தி தவித்ததில் ஒரு நாடு பாதி போய்விட்டது. சரித்திரம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எழுதமாட்டார்கள். அவர்களுக்கு இன்னும் கௌரவமான காரணம் வேண்டும்.

கீழே முற்றத்தில் யாரோ குதிரைக்குச் சேணம் கட்டும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம்.

"அப்ப அவ நிஜமா கடைசியா வரைஞ்ச கோடு?"

"அதுமேல மறுநாள் நான் வரைஞ்சுட்டேங்க. அதுக்கு மறுநாளும். அடியிலதான் எங்கயோ இருக்கு."

"என் வீட்டுக்காரரு உங்க பக்கத்துல நிக்கிறவருங்க" என்று அவளே தொடர்ந்து சொன்னாள். "கொம்பு ஊதுறவரு. நீங்க விழுந்தா ஊதச் சொல்லியிருக்காங்களாம். அவருக்கு வெட்டெல்லாம் வராதுங்க ராஜா. ஊதத்தான் வரும்."

ராஜா அவளை ஏறிட்டுப் பார்த்தார். இருபத்தாறு நாளில் முதல்முறையாக எதிரில் ஒரு ஆள் நிற்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, விசிறியைக் கீழே போட்டார்.

"வரை" என்றார்.

"நீங்க வரைங்க. சட்டம்…"

"இந்தக் கையை வச்சுக்கிட்டா? நான் வரைஞ்சா மதில் ஆத்துக்குள்ள போய் நிக்கும். சட்டத்தை நான் மந்திரிகிட்ட சொல்லி அழகா எழுதச் சொல்றேன். நீ வரை."

மைக்காரி வரைந்தாள். மேற்கிலிருந்து தொடங்கினாள், அங்கேதான் அவசரம். மை நன்றாக இருந்தது, நூல் பிடித்ததுபோல் வந்தது. மேற்கு எல்லை முடிந்தபோது வெளியே தூரத்தில் நாலாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னது கேட்டது. வடக்கைத் தொட்டபோது தளபதி கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்துவிட்டார். இத்தனை நாள் பார்த்த நாகரிகம் எங்கே போனதோ.

"ராஜா, மதில் வந்துடுச்சு. அவங்க சாப்பாட்டுப் பந்தி நடுவுலயே எழும்பிடுச்சு. ஆளெல்லாம் அந்தப் பக்கம், இலையெல்லாம் இந்தப் பக்கம். பக்கத்து ராஜா அந்தப் பக்கம். அவரு தட்டு இந்தப் பக்கம்."

"தட்டைத் திருப்பிக் கொடுத்துருங்க. துக்கம் விசாரிக்க வந்தவரு" என்றார் ராஜா. தளபதி அதை உத்தரவு என்றே எடுத்துக்கொண்டு ஓடினார்.

கோடு தொடங்கிய இடத்தில் வந்து முட்டியது. மைக்காரி தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள். இந்த முறை எங்கே வைப்பது என்ற குழப்பம் இல்லை. ராஜா படத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"அன்னிக்குக் காலையில அவ ஏதாவது சொன்னாளா? கடைசியா?"

மைக்காரி ஒரு நிமிடம் யோசித்தாள். நல்லதாக ஏதாவது சொல்லிவிடலாம். ராஜாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொன்னாள், நாட்டை நினைத்தாள், அப்படி ஏதாவது. கேட்பவருக்கும் ஆறுதல், சொல்பவளுக்கும் புண்ணியம். ஆனால் இந்த அறையில் பொய் வைத்த இடத்தில் என்ன முளைத்தது என்று அவள் பார்த்துவிட்டாள்.

"மை தண்ணியா இருக்குன்னு சொன்னாங்க."

ராஜா திரும்பினார். "என்ன?"

"‘அடியே, மை தண்ணியா இருக்கு, அவசரத்துல அரைச்சியா’ன்னு கேட்டாங்க. நான் இல்லம்மான்னு சொன்னேன். அவ்வளவுதாங்க."

"தண்ணியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க." அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். "அவசரத்துலதான் அரைச்சேன். நல்ல மையா இருந்தா இன்னும் பத்து நாள் தாங்கியிருக்கும். இத்தனை ஓட்டை விழுந்திருக்காது. அவங்ககிட்டப் பொய் சொன்னேன். அடுத்த நாள் நல்லா அரைச்சுக் காட்டிக்கலாம்னு நினைச்சேங்க. நாளைக்குத்தான் அரைக்கப்போறோமேன்னு நினைச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பத்தொன்பது வருடம் தினமும் காலையில் பார்த்த முகம். இருபத்தாறு நாளாக நாடு முழுக்க ராஜாவின் துக்கத்தைப் பற்றியே பேசியது, மைக்காரியிடம் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது கேட்டால்தானே அழ முடியும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. அப்படி ஒன்று தனக்குள் இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கறுப்பு விரலால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் மையாகிவிட்டது.

ராஜா அழும்போது மற்றவர்கள் எப்படி நிற்க வேண்டும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் அரண்மனையில் விதி உண்டு. மை அரைக்கிறவள் அழும்போது ராஜா எங்கே நிற்க வேண்டும் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ராணி போனதிலிருந்து அது இன்றைக்குத்தான் வந்தது.

"அவ ரொம்பத் திட்டுவாளா உன்னை?"

"தினமும்ங்க."

"எனக்கு அந்த ரெண்டு மாசம் தெரியாது" என்றார் ராஜா. "முதல் நாள்லேருந்து சொல்லு. என்னென்ன திட்டினா?"